கண்டிப் பகுதியின் கலப்பு வழிமரபினர்

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைநாட்டிலும் ஐரோப்பியத் தந்தைக்கும் ஆசியத் தாய்க்கும் பிறந்தோரின் வழிவந்தவர்கள் பறங்கியர், யூரேசியர், சிங்களவர், தமிழர் எனப் பல பெயர்களில் அறியப்படுகின்றனர். இத்தனை கிளை பிரிந்ததற்கு இரத்தத்தின் விகிதம் காரணமல்ல. தந்தையின் பெயர் பிள்ளைக்குக் கிடைத்ததா, அந்தப் பெயரால் அக்காலத்தில் ஏதும் பயன் இருந்ததா என்பவையே தீர்மானித்தன. 1815 வரை கண்டி தனியரசு, போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ அதை ஆளவில்லை, எனவே இது கரையோரத்து விவகாரம் என்று சொல்வதுண்டு. ஆனால் கைதிகளாகவும் அகதிகளாகவும் ஐரோப்பியர் அங்கே வாழ்ந்தார்கள். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிய ரொபேர்ட் நொக்ஸ் எலதெத்தவில் மணமாகாமலே இருந்தார். உடன் பிடிபட்டோரில் சிலர் சிங்களப் பெண்களை மணந்ததை 1681இல் வெளியான தம் நூலில் அவரே எழுதுகிறார். அந்தப் பிள்ளைகள் தனிச் சமூகமாக நிலைக்கவில்லை. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையோ போர்த்துக்கேயர் வழிவந்தோரின் ஊர் எனப்படுவது. அங்கே கத்தோலிக்கம் எஞ்சியது, பேச்சும் வாழ்முறையும் கண்டிச் சிங்களமாயின. நிலமும் ராஜகாரியம் என்ற சேவைக் கடமையும் அரசனிடமிருந்து வந்த நாட்டில் ஐரோப்பியத் தந்தையை நினைவில் வைத்திருந்து யாருக்கு என்ன லாபம்?

ஆங்கிலேயர் ஆட்சியில் லாபம் வந்தது. 1830 வாக்கில் கோல்புறூக் ஆணைக்குழுவுக்குப் பதிலளித்த பிரதம நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி, ஒருவரின் தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராகவும் பெற்றோர் மணமானவர்களாகவும் இருந்தால் தாய்வழி எதுவானாலும் அவர் பறங்கியரே என்று விளக்கினார். அரசாங்க எழுதுவினைஞராகவும் சட்டத்தரணிகளாகவும், 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபின் ரயில்வே ஊழியராகவும் பறங்கியர் மலையேறினர். 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் குடும்ப வம்சாவளிகளைத் தன் சஞ்சிகையில் அச்சிட்டது. அந்த அட்டவணைகள் தூய வழியை நிரூபிக்கின்றனவே என்று கேட்கலாம். அவை நிரூபிப்பது தந்தைவழிப் பெயரை மட்டுந்தான். அதிலும் விலக்கு உண்டு: ஒண்டாச்சி குடும்பத்தின் மூதாதை தஞ்சையிலிருந்து வந்த தமிழ் வைத்தியர் என்பது அக்குடும்ப மரபு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பலர் அவுஸ்திரேலியா செல்ல முனைந்தனர். ‘வெள்ளை அவுஸ்திரேலியா’ கொள்கை முக்கால் பங்கு ஐரோப்பிய வழியையும் ஐரோப்பியத் தோற்றத்தையும் கேட்டது. பெருமைக்காகத் தொகுத்த வம்சாவளி குடிவரவுப் பத்திரமாயிற்று. கருத்த பாட்டியைப் பற்றி வாய் திறக்காமலிருப்பது குடும்பத்தின் நலனும் ஆயிற்று.

தோட்டங்களில் நிலைமை வேறு. துரைமாருக்கும் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயர் பெரும்பாலும் கிடைக்கவில்லை. கைவிடப்பட்ட அத்தகைய பிள்ளைகளுக்கென்று பேய்ன்டர் தம்பதியர் நுவரெலியாவில் இல்லம் நடத்தினர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே வளர்ந்தவர்கள் தாயின் உறவுக்குள் தமிழராயினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழியையே ஆதாரமாகக் கொண்டது, மணத்துக்குப் புறம்பே பிறந்தவருக்கு மட்டும் தாயை எடுத்துக்கொண்டது. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். துரையின் பிள்ளை துரையிடமிருந்து எதையும் பெறவில்லை, அதே சட்டத்தால் நாடற்றவளான தாயின் நிலையையே பெற்றது. ஒட்லி சொன்ன விளக்கமும் மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளையைத் தாயின் வழியிலேயே சேர்த்தது.

அடையாளத்தைத் தனிமனிதர் தாமே தேர்ந்துகொள்ளவில்லையா என்பது வலுவான மறுப்பு. கண்டியிலேயே உதாரணம் இருக்கிறது. 1901இல் இங்கு பிறந்த பறங்கி ஓவியர் ஜோர்ஜ் கீட் பௌத்தத்தின்பால் ஈர்க்கப்பட்டு, பின்னர் கண்டிக் கிராம வாழ்வையே தமதாக்கிக்கொண்டார். நுவரெலியா இல்லத்தை நடத்தியவர்களின் மகன் டேவிட் பேய்ன்டர் ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில் அவர் தீட்டிய விவிலியக் காட்சிகளில் இந்நாட்டு மனிதர்களையும் நிலத்தையும் காணலாம். இருவரும் அதே கல்லூரியில் படித்தவர்கள், இருவருக்கும் மறுக்கப்படாத குடும்பப் பெயர் இருந்தது. கையில் பெயர் இருந்தவர் அதை விட்டு விலகவும் முடிந்தது. லயத்துப் பிள்ளைக்கு அந்தத் தெரிவே இல்லை. எனவே இவர்களின் வாழ்க்கை மேற்சொன்ன கருத்தை மறுக்கவில்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் பறங்கியராகப் பதிவானோர் நாடு முழுவதும் சுமார் 38,000 பேர். வஹகோட்டையில் சிங்களவராகவும் தோட்டங்களில் தமிழராகவும் எழுதப்பட்டவர்கள் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை.