வீட்டில் சும்மா இருந்தவர்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் மற்ற சகோதரிகள் சேமிப்பு, வங்கிக் கடன், கட்டடம் கட்டிய கதை எல்லாம் எழுதுவார்கள் என்று நினைத்தேன். அதனால் நான் ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் நம் கூட்டமைப்பு வரலாறுதான்.

2005-ல் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது சரக்கு வேன் மோதி இறந்துபோனார். வயது 38. கணவர் கொத்தனார். பெண் எட்டாம் வகுப்பு, பையன் ஐந்தாம் வகுப்பு. பிணவறை வாசலிலேயே ஒரு புரோக்கர் வந்து நின்றான். "கேஸை நான் பாத்துக்கறேன், கையெழுத்து மட்டும் போடுங்க, வர்றதுல பாதி உங்களுக்கு" என்றான். எவ்வளவு வரும் என்று கேட்டேன். "வீட்டுல சும்மா இருந்தவங்கதானம்மா, பெரிசா என்ன வரும்?"

நாலு மணிக்கு எழுந்து இரண்டு மாட்டில் பால் கறக்கிறவர் சும்மா இருந்தவராம்! கொத்தனார் அண்ணன் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். நான்தான் தடுத்தேன். அப்போது நான் குழு ஊக்குநர். ஒரு பயிற்சியில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசே இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், வருமான வரம்பு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரி ஞாபகம் இருந்தது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள். இந்தச் சட்டத்தின் கதையை முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான்.

அடுத்தவர் தவறால் ஒருவர் இறந்தால், அவருடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக நஷ்ட ஈடு கேட்கலாம் என்ற சட்டம் 1855-லேயே வந்துவிட்டது. சாலை விபத்துகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் நூறு வருஷம் கழித்து, 1956 திருத்தத்தில் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

ஆனால் நஷ்ட ஈட்டுக் கணக்கு சம்பளத்திலிருந்துதான் தொடங்கும். சம்பளம் இல்லாத பெண்ணுக்கு? 1994-ல் ஒரு அட்டவணை போட்டார்கள். மனைவிக்கு, கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. கொத்தனார் பொண்டாட்டி சமைத்தால் ஒரு விலை, ஆபீசர் பொண்டாட்டி சமைத்தால் ஒரு விலை. வக்கீலம்மா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இதை அசைத்தது ஒரு தீ விபத்து. 1989 மார்ச் 3-ந் தேதி ஜாம்ஷெட்பூரில் ஓர் ஆலையின் நிறுவனர் நாள் விழாப் பந்தலில் தீப்பிடித்து 60 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குடும்பங்கள் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2001-ல் தீர்ப்பு வந்தது. 34 வயது முதல் 59 வயது வரையுள்ள இல்லத்தரசியின் வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு போட்டார்கள். குறைவுதான். ஆனாலும் கணவன் சம்பளத்தைப் பார்க்காமல் அவள் வேலைக்கென்று போட்ட தொகை அது.

எங்கள் வழக்கிலும் வக்கீலம்மா அந்த 3,000-த்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் பால் வருமானம் மாதம் 1,500 இருந்தது என்றோம். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்டார். சொசைட்டியின் பால் அட்டையைக் கொடுத்தோம். கூடவே எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் கொடுத்தோம். மாட்டுக் கடன் 8,000 வாங்கியதும், மாதாமாதம் தவறாமல் கட்டியதும் அதில் இருந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். கால் நடுங்கியது உண்மை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 3,000 என்றால் வருஷத்துக்கு 36,000. சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 24,000. அவர் வயதுக்கு 16-ஆல் பெருக்க, 3,84,000. பால் வருமானமும் சேர்ந்ததால் 5,76,000 ஆனது. பாதியை அந்தப் புரோக்கர் கொண்டுபோயிருப்பான். 2007-ல் தீர்ப்பு வந்தபோது பிள்ளைகள் பங்கை 18 வயது முடியும் வரை வங்கியில் டெபாசிட் போடச் சொன்னார்கள். அண்ணனுக்கு அப்போது கொஞ்சம் வருத்தம். பெண்ணின் கல்லூரிப் படிப்பு அந்தப் பணத்தில்தான் நடந்தது.

அதற்குப் பிறகும் கதை நகர்ந்தது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இருந்த அமர்வு இல்லத்தரசியின் உழைப்பை எப்படி மதிப்பது என்று விரிவாக எழுதியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்காட்டியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே வரிசையில் வைத்ததையும் கண்டித்தது. 2021-ல் இன்னொரு தீர்ப்பில், பெண்கள் வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்ற அரசுக் கணக்கையே மேற்கோள் காட்டினார்கள். இல்லத்தரசிக்கும் எதிர்கால வருமான உயர்வு உண்டு என்றார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எங்கள் வழக்கின்போது மனுவுக்குக் கெடு இல்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. காரியம் முடியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று மூன்றையும் முதலில் வாங்கிவிடுங்கள். 15100-க்கு போன் போட்டால் இலவச வக்கீலுக்கு வழி சொல்வார்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம்.

அந்தத் தீர்மானப் புத்தகத்தைக் கோர்ட்டிலிருந்து திரும்ப வாங்கிவிட்டோம். அட்டையில் சான்றாவண எண்ணும் முத்திரையும் இருக்கும். நம் அலுவலக பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. மாட்டுக் கடன் பக்கத்தில் அவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். எங்கள் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்.