ஆணையிடாத அதிகாரம்: ஐக்கிய அமெரிக்காவில் விஞ்ஞான ஆலோசனைச் சபைகள்

அரசாங்கமொன்று தானே ஆய்வு நடத்தி, அதன் முடிவைக்கொண்டு தானே விதிகளையும் வகுக்குமாயின், அவ்வாய்வின் செம்மையைச் சோதிப்பவர் யார்? ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு முகவரகம் இவ்வினாவைத் தன் தொடக்க காலத்திலேயே எதிர்நோக்கியது.

1970 இல் தோன்றிய இம்முகவரகம் காற்றுக்கும் நீருக்கும் நியமங்களை வகுத்ததோடு, அவற்றுக்கு ஆதாரமான ஆய்வுகளையும் நடத்தியது. காற்று மாசினால் மக்களுடல் நலத்துக்கு ஏற்படும் கேடு பற்றிய அதன் பெரும் ஆய்வொன்றின் முறைமை, 1976 இல் காங்கிரசின் விசாரணையிற் குறைகாணப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின் மூலம் எழுவர் கொண்ட விஞ்ஞான ஆலோசனைக் குழு நிறுவப்பட்டது. 1978 இல் முகவரகத்தின் விஞ்ஞான ஆலோசனைச் சபையும் சட்ட வலுப் பெற்றது.

இவற்றுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஆயினும் ஆராய்வதற்கும் கண்டதைப் பகிரங்கமாகக் கூறுவதற்கும் உரிமையுண்டு. 1990 இல் இச்சபை வெளியிட்ட அறிக்கை இதற்குத் தக்க சான்றாகும். முகவரகத்தின் முயற்சிகள் பொதுமக்களின் அச்சத்தைப் பின்பற்றிச் செல்கின்றனவேயன்றி, ஆபத்தின் அளவைப் பின்பற்றவில்லை என அது உணர்த்தியது. எண்ணெய்க் கசிவினும் வாழிட அழிவு, உயிரினங்களின் மறைவு, ஓசோன் படையின் தேய்வு, காலநிலை மாற்றம் என்பனவே பாரதூரமானவை என அது வரிசைப்படுத்தியது.

எனினும், உறுப்பினரை நியமிப்பவர் எவரோ அவரிடமே இச்சபைகளின் பலவீனமும் உறைகின்றது. முகவரகத்தின் ஆய்வு மானியம் பெறுவோர் ஆலோசகராதலாகாது என 2017 இல் பணிக்கப்பட்டது. 2018 இல், காற்றிலுள்ள நுண்துணிக்கைகள் பற்றி ஆராயவிருந்த நிபுணர் குழு கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்டோர் வாளாவிருந்தாரல்லர். 2019 ஒக்ரோபரிற் தாமாகவே கூடி, கன மீற்றருக்கு 12 மைக்கிரோகிராம் என்ற ஆண்டு நியமம் மக்களைக் காக்கப் போதாதென அறிவித்தனர். 2020 இறுதியில் அந்நியமம் மாற்றமின்றி நிலைநிறுத்தப்பட்டது. ஆயின் 2024 இல், ஆட்சி மாறியபின், 9 ஆகக் குறைக்கப்பட்டது. 2021 இலும் 2025 இலும் புதிய ஆட்சிகள் ஆலோசகர் அனைவரையும் விலக்கியமை, இப்பலவீனம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று என்பதைப் புலப்படுத்தும்.

ஆலோசகரைக் கலைத்தல் எளிது. அவர்கள் எடுத்துக்காட்டிய சான்றுகளைக் கலைத்தல் எளிதன்று. நியமனங்கள் ஆட்சியாளரின் விருப்பிலிருந்து விடுபடும்வரை, சுவாசிக்கும் மக்களே அத்தாமதத்தின் விலையைச் செலுத்துவர் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.