பண்டிகையும் பருவமும்
– மலையகத்தின் எழுதாத சரித்திரம்

ஒரு சமூகத்தின் சரித்திரம் அரசாங்க ஏடுகளில் மாத்திரம் அடங்கிவிடுவதில்லை. நம் மலைநாட்டு மக்களைப் பற்றிய பழைய ஏடுகளைப் புரட்டினால், இத்தனை ஆட்கள் வந்தனர், இத்தனை ஆட்கள் இறந்தனர், இத்தனை ஏக்கரில் பயிர் வைக்கப்பட்டது என்ற கணக்குகளே மிகுதியாகக் காணப்படும். வந்த ஆட்கள் எதை நினைத்துச் சிரித்தார்கள், எதற்காக அழுதார்கள், எந்த நாளைப் பெரிய நாளாகக் கொண்டாடினார்கள் என்பதை எழுதிவைக்க அந்த ஏடுகளில் இடமில்லை. ஆனால் அச்சரித்திரம் அழிந்துபோகவில்லை. தை பிறந்தால் பொங்கல், மாசியில் காமன் கூத்து, ஆடியில் அம்மன் பூசை, ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் பஜனை என்று ஆண்டுதோறும் நம் லயங்களில் அது நடந்துகொண்டே இருக்கிறது. அதனைச் சற்று ஊன்றிக் கவனிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு கேள்வி. பொங்கல் நெல் விளைவிப்பவனின் திருநாள். தன் வயலில் அறுத்த புது நெல்லைக் குத்திப் புதுப்பானையில் ஏற்றிச் சூரியனுக்கு நன்றி செலுத்தும் நாள். நம் தோட்டங்களிலோ நெல்வயல் இல்லை. நம் பாட்டன்மார் பொங்கிய அரிசி தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்டது. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அறுவடை இல்லாதவனுக்கு அறுவடைத் திருநாள் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நம் சரித்திரத்தின் பாதி விளங்கிவிடும்.

காப்பிக் காலமும் தேயிலைக் காலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கினர். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்து நம்மவர் கங்காணியின் பின்னால் புறப்பட்டுத் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடு வழியாக நூற்றுக்கு மேற்பட்ட மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். பசி, பேதி, அம்மை ஆகியவற்றால் வழியில் மடிந்தவர் பலர். உயிர் தப்பி வந்தவர்களும் இங்கேயே தங்கிவிடவில்லை. காப்பிப்பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினர். அவர்களுக்கு வீடு அங்கே, கூலி இங்கே. ஆகவே பண்டிகைகளும் பெரும்பாலும் அங்கேயே இருந்தன.

1869ஆம் ஆண்டில் காப்பிச் செடியின் இலைகளில் ஒருவகைப் பூஞ்சண நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியது.

தேயிலை காப்பியைப் போன்றதன்று. ஆண்டுக்கு ஒருமுறை பறித்துவிட்டு ஓய்ந்திருக்க அது விடாது. இன்று கொழுந்து எடுத்த மலைக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடியும் போகவேண்டும். ஆண்டு முழுவதும் வேலை. அதற்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். விரைந்து கொழுந்து கிள்ளப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, லயங்கள் நிறைந்தன, குழந்தைகள் இங்கேயே பிறந்தன. ஊருக்குப் போய்க் கொண்டாட முடியாமற் போனபோது, பண்டிகைகள்தாம் ஊரிலிருந்து புறப்பட்டு இங்கே வந்தன. காப்பிச் செடியின் இலையில் விழுந்த நோய் நம் பொங்கற் பானையை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

வேதாகமத்தில் ஒரு வரலாறு உண்டு. பாபிலோனுக்குச் சிறைபோன யூதர்கள் அந்நிய நாட்டில் பாட மனமில்லாமல் தங்கள் இசைக்கருவிகளை ஆற்றோர மரங்களில் தொங்கவிட்டார்களாம். நம் முன்னோர் தப்பைத் தொங்கவிடவில்லை. கடல் கடந்த இடத்திலும் அடித்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். பொங்கலும் அப்படியே. வயல் கையைவிட்டுப் போனாலும் உழவன் என்ற நினைவு போகவில்லை. "நாம் வெறும் கூலிகள் அல்லர், மண்ணை அறிந்த குடிகள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களிடம் ஏடு இருக்கவில்லை, பானை இருந்தது.

மழை மாறியது, நாள் மாறியது

கொண்டுவந்த பண்டிகைகளை அவர்கள் அப்படியே நட்டுவிடவும் இல்லை. இந்த மண்ணுக்கு ஏற்பப் பதியம் வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஆடி விதைக்கும் மாதம். காவிரிக் கரையில் பதினெட்டாம் பெருக்கு, பொங்கிவரும் புதுவெள்ளத்துக்குச் செய்யும் வழிபாடு. நம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலோ ஆடி என்றால் அடைமழை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். அம்மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றலாம், பூசை போடலாம்; தேரை வெளியே இழுப்பது எளிதன்று. தையும் மாசியும் இங்கே வெயிலும் பனியுமான காலம். கொழுந்து மட்டுப்பட்டிருக்கும். பங்குனி, சித்திரையில் மழை தொட்டவுடன் கொழுந்து பொங்கிவிடும். அப்போது மூச்சுவிட நேரமிராது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோரும் மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வரையிலான காலத்தையே நாடுகின்றனர் அல்லவா? வானம் வழிவிடும் அதே காலத்தில்தான் இப்பகுதித் தோட்டங்கள் பலவற்றில் கரகம் பாலித்துக் காவடி எடுத்து மாரியம்மனுக்குத் திருவிழா நடக்கிறது.

அந்த மாரியம்மனை முதலில் வழிபட்டதற்கும் காரணம் உண்டு. அம்மைக்கும் பேதிக்கும் உறவினரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்நோய்களைத் தணிக்கும் தாயே முதல் தெய்வம். வடக்கிலிருந்து நடந்து வந்தவர்கள் மலையின் வாயிலாகக் கண்ட மாத்தளையில் முத்துமாரியம்மன் ஆலயம் எழுந்ததும், அங்கே மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதும் யாவரும் அறிந்ததே. தோட்டங்களில் முதலில் மரத்தடிக் கல்லாக இருந்த அம்மன், பின்னர் தகரக் கூரையும், அதன் பின்னர் கோபுரமும் பெற்றாள்.

புதிய தெய்வங்களும் பிறந்தன. தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தை நம்மவர் 'ரோதை' என்பர். அதில் அகப்பட்டுக் கையோ உயிரோ போய்விடாதபடி காப்பவர் ரோதைமுனி. கவ்வாத்துக் கத்தி பிடிப்பவனுக்குக் கவ்வாத்துச் சாமி உண்டு. ஊரிலே இல்லாத இத்தெய்வங்கள் தோட்டத்திலே தோன்றியவை. இவற்றை மூடநம்பிக்கை என்று படித்த வாலிபர் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் எந்த இடத்தில் ஆபத்து இருந்தது என்று இத்தெய்வங்கள் நமக்குக் காட்டுகின்றன. அது பழைய தோட்டக் கணக்குப் புத்தகம் காட்டாத சரித்திரமாகும்.

காமன் கூத்து

மலையகத்தின் கலைகளில் பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு தலைசிறந்து நிற்பது காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றப்படும். பௌர்ணமியையொட்டிக் காமன் தகனம். இடைப்பட்ட இரவுகளில் ரதியும் மன்மதனும் வேடமிட்டு லயம் லயமாக வருவர். தவத்தில் இருக்கும் சிவபெருமான்மீது தேவர்களின் ஏவலால் மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண்ணால் எரிகிறான், ரதி புலம்புகிறாள், இறுதியில் அவள் கண்ணுக்கு மாத்திரம் தெரியும்படி உயிர் பெறுகிறான். தூதன், வீரபத்திரன், எமன், காளி என வேடங்கள் பல. ரதியாக ஆடுபவரும் ஆண்மகனே. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து விடிய விடிய வாதிடும் லாவணியும் உண்டு.

போகவேண்டாம் என்று தடுக்கும் ரதியை விட்டு, மேலே உள்ளவர்களின் கட்டளைக்காகப் போய் எரிந்துபோகும் கணவன்! கங்காணியின் சொல் கேட்டுக் கடல் கடந்த கணவரை நினைத்திருந்த பெண்களுக்கு இக்கதை வெறும் புராணமாக இருந்திருக்குமா? ரதியின் புலம்பலில் அவர்கள் தங்கள் புலம்பலையே கேட்டிருப்பார்கள்.

இத்தனையும் நடந்தது பகல் முழுவதும் உழைத்தவர்களின் இரவுகளிலே. விடியுமுன் தப்பு ஒலித்தால் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நம் நோட்டன் அணையின் நீரால் லக்ஷபான நிலையத்தில் 1950இல் மின்சாரம் பிறந்தது. அது கொழும்புவரை சென்ற பிறகும் நெடுங்காலம் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான், கூத்துக்குத் தீப்பந்தந்தான்.

பிரிந்த கூத்தர்

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படவேண்டியவர் என்று பங்கிடப்பட்டது. அந்த மிகுதியும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய குடும்பங்களுட் பல, நீலகிரி மலையில் மீண்டும் தேயிலைக் கூடையையே சுமந்தன.

ஒப்பந்தத்தில் தலைகள் எண்ணப்பட்டன, கூத்துகள் எண்ணப்படவில்லை. காமன் கூத்துக்கு ஒரு வாத்தியார் வேண்டும், ரதி வேண்டும், மன்மதன் வேண்டும், தப்படிப்போர் வேண்டும். அவர்களுள் இருவர் கப்பலேறினால் அந்தத் தோட்டத்துக் கூத்துக்கு ஊனம் வந்துவிடும். எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்நாட்டுப் பிரஜைகளாயினர். உரிமை திரும்பி வந்தது. போன பாட்டுகள் திரும்பி வரவில்லை.

நம் கடமை

2023இல், நம்மவர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சுமார் 250 கிலோமீட்டர் தூரம் பலர் கூடி நடந்தனர். முன்னோர் நடந்த வழியை மறவாமை நன்று. அவர்கள் பாடிய பாட்டை மறவாமையும் வேண்டுமன்றோ? 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், அரசியல் வேலைகளுக்கிடையே மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தனி மனிதர்; நாமோ சங்கமாகக் கூடியிருக்கிறோம்.

பழையவை யாவும் நல்லவை என்று நான் சொல்லவரவில்லை. தீபாவளி முற்பணத்தை வாங்கி ஒரே நாளில் குடியிற் கரைத்துவிட்டு, மாதக்கணக்கில் சம்பளத்தில் பிடிபடுவது பண்பாடாகாது. தப்படிப்பவரின் கையில் விழாவை ஒப்படைத்துவிட்டு, அவரையே கோயிலுக்கு வெளியில் நிறுத்திய வழக்கமும் பண்பாடாகாது. அவ்வவமானத்துக்கு அஞ்சியே வாலிபர் பலர் தப்பைத் தொட மறுக்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தப்பைத் தோளில் மாட்டும் நாளில் அந்த அவமானம் நீங்கும்; தப்பும் பிழைக்கும். பெரியோர்கள் இதற்கு மனமிசைய வேண்டும்.

இன்று நம் வாலிபர் கொழும்புக் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்கின்றனர். அவ்விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு தோட்டத்திலும் கூத்து வாத்தியார், ஒப்பாரி அறிந்த பாட்டி, பஜனை பாடும் தாத்தா யாரேனும் இருப்பர். அவர்கள் முன் அமர்ந்து, பாட்டை எழுதி, குரலைக் கைப்பேசியில் பதிந்து, சங்கத்தில் சேர்த்து வைக்கவேண்டும். அடுத்த மாசி மூன்றாம் பிறைக்கு முன் இதனைச் செய்து முடிப்போமாக. அன்று கம்பம் ஊன்றும்போது பாட்டை எடுத்துக் கொடுக்க முதியவர் ஒருவரும், அதை வாங்கிப் பாட இளைஞர் பத்துப் பேரும் இருந்தால், நம் சரித்திரத்துக்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயுள் உண்டு.