லில்லி இளவரசனுக்கு முகம் கிடையாது

மூணு வருஷத்துக்கு முன்னாடி கிரீட் தீவைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். கிரேக்க நாட்டுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில், மினோவன் நாகரிகம் வளர்ந்த தீவு. கூடவே ஒரு படமும் போட்டிருந்தேன். தலையில் லில்லிப் பூக்களும் இறகும் வைத்த கிரீடம், ஒடுங்கிய இடுப்பு, மிடுக்கான நடை. 'மினோவன் அரசர்கள் இப்படித்தான் இருந்தார்கள்' என்று கீழே ஒரு வரி வேறு. அந்த வரியைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக ஏதென்ஸ் போயிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பிரேயுஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால், விடியும்போது கிரீட்டின் பெரிய ஊரான ஹெராக்லியன். அந்த ஓவியத்தின் அசல் இங்கேயுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுக்கு எதிரே போய் நின்றதும் முதலில் ஒண்ணும் புரியலை. பழைய துண்டுகள் தனியாகத் தெரிகின்றன: கிரீடத்தில் கொஞ்சம், மார்புப் பகுதி, காலில் ஒரு பகுதி. மற்றதெல்லாம் பிற்பாடு பூசி நிரப்பியது. கண், மூக்கு, வாய் எதுவுமே கிடைக்கவில்லை. நான் 'அரசர்' என்று போட்ட முகம் முழுக்க இருபதாம் நூற்றாண்டின் கைவேலை!

துண்டுகள் கிடைத்தது 1901-ல். தோண்டியவர் ஆங்கிலேயரான ஆர்தர் எவன்ஸ். இவை வேறு வேறு ஆட்களுடையவை என்றுதான் அவரே முதலில் நினைத்தார். பிறகு மனம் மாறி, எல்லாம் ஒரே ஆள், அரசனும் பூசாரியுமாக இருந்தவன் என்று முடிவு செய்தார். அவரிடம் வேலை பார்த்த ஓவியர்கள் கிலியரோன் தகப்பனும் மகனும் அதற்கு உருவம் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. மார்பு ஒரு குத்துச்சண்டை வீரனுடையதாக இருக்கலாம், கிரீடம் ஒரு பெண்ணுடையதாகவோ ஸ்பிங்ஸ் உருவத்துடையதாகவோ இருக்கலாம் என்று வாதிட்டார்கள்.

இன்னொரு ஓவியத்தின் கதை இதைவிட வேடிக்கை. குங்குமப்பூ பறிக்கும் நீல நிறச் சிறுவன் என்று எவன்ஸ் சொன்ன ஓவியம் அது. துண்டுகளை மறுபடி கவனித்துப் பார்த்தால் வால் இருக்கிறது. சிறுவன் இல்லை, குரங்கு. 1940-களில் நிகோலாஸ் பிளாட்டன் அதைக் குரங்காகவே திருத்தி அமைத்தார். பிற்பாடு சாண்டோரினித் தீவின் அக்ரோத்திரியில் நீலக் குரங்குகள் வரைந்த சுவரே கிடைத்தது.

இந்த ஓவியங்கள் கிடைத்த க்னோசோஸ் அரண்மனை, ஹெராக்லியனிலிருந்து 5 கிலோமீட்டர். உள்ளூர் வணிகர் மினோஸ் கலோகைரினோஸ் 1878-லேயே அங்கே தோண்டியிருந்தார். (அவர் பேரை யாரும் அதிகம் சொல்வதில்லை.) எவன்ஸ் நிலத்தை விலைக்கு வாங்கி 1900 மார்ச்சில் வேலையை ஆரம்பித்தார். போஸ்ட் கார்டில் பார்க்கிறோமே, மேலே பருத்துக் கீழே சிறுத்த சிவப்புத் தூண்கள், அவை இன்றைக்கு நிற்பது கான்கிரீட்டில். அசல் தூண்கள் மரம், எரிந்து கரியாகிவிட்டன. வடிவம் மட்டும் சும்மா வந்ததில்லை, அங்கே கிடைத்த சுவரோவியங்களிலேயே அப்படிப்பட்ட தூண்கள் இருக்கின்றன.

எவன்ஸை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. பெரிய படிக்கட்டைத் தோண்டும்போது, தாங்கிய மரம் போய், மாடிப் படிகள் இடிபாட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. மண்ணை எடுத்தால் விழுந்துவிடும். முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள், அது உளுத்தது. அப்புறம் இரும்பு உத்திரம், 1920-களில் கான்கிரீட். இதுவரை சரி. ஆனால் கான்கிரீட் கைக்கு வந்ததும் வேலை முட்டுக் கொடுப்பதோடு நிற்கவில்லை. இருந்திருக்கலாம் என்று ஊகித்த மேல்மாடி அறைகளும் எழும்பின. இரண்டுக்கும் ஒரே பெயிண்ட்!

எங்கள் தொழிலில், தரவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தோராயமாக ஒரு மதிப்பைப் போட்டு நிரப்புவோம். தப்பில்லை. ஆனால் பக்கத்திலேயே 'இது நிரப்பியது' என்று ஒரு குறி வைக்கணும். வைக்காமல் விட்டால் அடுத்து வருகிறவன் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் இன்னொன்றைக் கட்டுவான். நான் செய்தது அதைத்தான்.

க்னோசோஸில் அசல் எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிம்மாசன அறையில் இருக்கிற ஜிப்சம் கல் இருக்கை 1900-ல் அங்கேயே கிடைத்தது. (சுவரில் பக்கத்துக்கு ஒன்றாகக் காவல் இருக்கும், சிறகில்லாத பறவைத் தலைச் சிங்கங்கள் கிலியரோன் உபயம்.) எனக்கு ரொம்பப் பிடித்தது சுடுமண் குழாய்கள். ஒரு முனை குறுகல், அடுத்த குழாயின் அகன்ற வாய்க்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய வேலை. அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர, நடுவில் கூரையில்லாமல் திறந்து விட்ட இடங்களும் உண்டு, நம்ம முற்றம் மாதிரி. கும்பல் எல்லாம் தூண்களுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறது. குழாய் பக்கம் ஆளே இல்லை.

மறுநாள் தீவின் தெற்கே ஃபைஸ்டோஸ் போனேன். இதுவும் மினோவன் அரண்மனைதான். இத்தாலியர்கள் தோண்டினார்கள், பெரும்பாலும் கிடைத்தபடியே விட்டுவிட்டார்கள். குட்டைச் சுவர்கள், அகலமான படிகள், கீழே மெஸாரா சமவெளி. நேர்மையான இடம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தரையில் வட்டமான தூண் அடிக்கற்களைப் பார்த்ததும் என் மனசு தானாக அவற்றின் மேல் சிவப்புத் தூண்களை நட்டது. முந்தின நாள் க்னோசோஸ் போகாமல் நேரே இங்கே வந்திருந்தால், வெறும் கல் என்று பத்து நிமிஷத்தில் கிளம்பியிருப்பேன்.

இப்போது எவன்ஸின் கான்கிரீட்டே வெடித்து, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. அதைப் பாதுகாப்பதும் தொல்லியல் வேலையாகிவிட்டது. 2025-ல் க்னோசோஸ், ஃபைஸ்டோஸ் உள்ளிட்ட ஆறு மினோவன் அரண்மனை இடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

பழைய குறிப்பிலிருந்து படத்தை எடுக்கவில்லை. கீழே இருந்த வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்: 'கிரீடத்தில் கொஞ்சம், மார்பு, காலில் ஒரு பகுதி - மினோவன் காலம். ஒரே ஆள்தானா என்பது சந்தேகம். முகம் கிலியரோன் வரைந்தது.'