பென்ஸ் வண்டியும் எங்க ஊர் மீன் கூடையும்

"வரலாறு படிச்சவன் நீ, ஏதாவது எழுதுப்பா" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டதும், கோயம்புத்தூரில் பார்த்த ஓர் இடம்தான் என் நினைவுக்கு வந்தது. நம் வகுப்புத் தோழர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்த கையோடு, அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டேன். 2015-ல் திறக்கப்பட்ட இடம்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் காரின் மாதிரி. மூன்று சக்கரம், ஒரே சிலிண்டர். ஒரு குதிரைத்திறன்கூட இல்லாத என்ஜின். மணிக்குச் சுமார் 16 கி.மீ. ஓடும். நம்ம ஊர் சைக்கிளே முந்திவிடும்!

அந்த வண்டியை உலகம் நம்பியதற்குக் காரணம் ஒரு பெண். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைப் பென்ஸின் தொழிலில் போட்டவர் பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்ததும் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டதைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிறகுதான் மேடு ஏறுவதற்கென்று தனி கியர் சேர்க்கப்பட்டது.

நம் ஜி.டி. நாயுடு கதையும் அப்படித்தான். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்து மாட்டியே தொழில் கற்றார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது.

பஸ் என்றதும் என் மனசு ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஊர். கிழக்கே பழவேற்காடு ஏரி. கார் என்பது எங்களைக் கடந்து போகும் பொருள். எங்களுக்கு வந்த மோட்டார் வரலாறு பஸ்தான். அதில் ஏறித்தான் நான் கல்லூரிக்கு வந்தேன்.

ஆனால் அதே பஸ்ஸில் எங்க அம்மாவுக்கு இடம் கிடையாது. மடவையும் இறாலும் நிறைந்த கூடையோடு கை காட்டினால், "நாத்தம்மா, ஏத்த மாட்டேன்" என்று விசில் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் நான் உள்ளே உட்கார்ந்திருக்க, அம்மா ரோட்டோரம் நின்றாங்க. "அவங்க எங்க அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

2021-ல் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டி நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் நெடும்பயணம் ஓட்டியவரே ஒரு தாய். அந்த வண்டியின் வாரிசுகளில் இன்னொரு தாய்க்கு இடமில்லை என்றால், அது என்ன முன்னேற்றம்?

நண்பர்களே, கார்களைக் காக்க அருங்காட்சியகம் இருக்கிறது. நாம் வந்த பஸ்களின் பழைய டிக்கெட்டோ, புகைப்படமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். அதில் ஏற முடியாமல் நின்றவர்களின் கதையையும் சேர்த்தே எழுதி வைப்போம்.