சிவகாமியின் சபதம்: தோற்றுவாயில் கதாசிரியர் குரல்

கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899–1954) தம் பெயர் தாங்கிய வார இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய சரித்திர நாவல். செங்கற்பட்டு ஜில்லாவின் மாமல்லபுரக் கடற்கரையில், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் அமர்ந்திருந்த ஒரு நிலவிரவில் இதன் கரு உதித்ததென ஆசிரியர் முகவுரையிற் கூறுகிறார்.

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களின் தொடக்கத்தில் கதைசொல்லி, ‘ஜேன் அயர்’ (1847) போலத் தன் சரித்திரத்தைத் தானே மொழிபவராகவோ, தாக்கரேயின் ‘வானிட்டி ஃபேர்’ (1847–48) போலப் பாத்திரங்களை அரங்கேற்றும் சூத்திரதாரியாகவோ தோன்றுவதுண்டு. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) முதல் வகையைச் சார, கல்கி இரண்டாம் வகையை மேற்கொண்டார். மகேந்திர பல்லவர் காலத்துக் காஞ்சியை நோக்கிச் செல்லும் ஓர் இளைஞனையும் ஒரு புத்த பிக்ஷுவையும் முதல் அத்தியாயத்திலேயே நம்முன் நிறுத்தி, அவர்தம் உள்ளக்கிடக்கையை முற்றும் வெளியிடாது, அனைத்தும் அறிந்தவராயினும் அளந்தே உரைக்கும் கதாசிரியர், வாசகரை அவ்விருவருக்கும் சகபிரயாணியாக்கிவிடுகிறார். வாரந்தோறும் காத்திருந்து படிக்கும் தொடர்கதைக்கு இந்த நிதானமே ஜீவனாகும். அதனைத் தமிழில் இத்துணைச் செம்மையாகக் கையாண்டது கல்கியின் அரும்பெருஞ் சாதனை.