குளிரிலிருந்து வந்த ஒற்றனும் அவனைப் படித்தவர்களும்

1963ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரின் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் ஒரு சிறு புதினத்தை வெளியிட்டது. ஆசிரியர் பெயர் ஜான் லெ காரே. நூலின் பெயரைத் தமிழில் 'குளிரிலிருந்து வந்த ஒற்றன்' எனலாம். துப்பறியும் கதையைப் படித்து முடித்தவர் விறுவிறுப்பாக இருந்தது என்றோ, இழுவையாக இருந்தது என்றோ சொல்லி மூடி வைப்பது வழக்கம். இந்நூலைப் படித்தவர்களோ, "இவையெல்லாம் உண்மையில் நடந்தவையா?" என்று கேட்டனர். அவ்வினாவுக்கு வெவ்வேறு தரப்பினர் கண்ட விடைகள் தனியே ஒரு வரலாறாகும்.

லெ காரே என்பது புனைபெயர். இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். பிரிட்டிஷ் உளவுத்துறையைச் சேர்ந்த அவர், மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரத் தூதரகத்தில் செயலாளர் என்ற போர்வையில் பணியாற்றியவர். அரசுப் பணியிலிருப்போர் சொந்தப் பெயரில் புதினம் எழுதலாகாது என்பதனாலேயே புனைபெயர் வேண்டியிருந்தது. 1961 ஆகஸ்டு 13ஆம் நாள் பெர்லின் நகரின் குறுக்கே முள்வேலி எழுந்து, பின்னர் அது சுவராயிற்று. அச்சுவரைக் கண்ட சினத்திலும் வெறுப்பிலும் ஐந்தாறு வாரங்களில் இக்கதையை எழுதி முடித்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார்.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பெர்லினில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவின் தலைவன் அலெக் லீமாஸ். அவனுடைய ஒற்றர்களை எல்லாம் கிழக்கு ஜெர்மனியின் முன்ட் என்பவன் ஒருவர் பின் ஒருவராக ஒழித்துவிடுகிறான். இலண்டனுக்குத் திரும்பும் லீமாஸ், முன்டைப் பழிதீர்க்கும் நோக்கத்தோடு, வேலையிழந்து குடியில் வீழ்ந்தவனாக நடித்துப் பகைவர் வலையில் தானே சென்று விழுகிறான். இறுதியில்தான் அவனுக்கு உண்மை புலனாகிறது. முன்ட் பிரிட்டனின் ஆள், பழைய நாஜி. அவனை ஐயுற்ற பீட்லர் என்னும் யூத அதிகாரியை ஒழிக்கவே லீமாஸ் அனுப்பப்பட்டிருக்கிறான். லீமாசை நேசித்த லிஸ் என்னும் யூதப் பெண்ணும் இச்சூதில் அவளறியாமலே பகடைக்காயாகிறாள். சுவரைக் கடக்கும்போது அவள் சுடப்பட்டு வீழ, மேற்குப் பக்கம் குதித்துப் பிழைக்க இருந்த லீமாஸ், அவள் கிடக்கும் பக்கமே மீண்டும் இறங்கி உயிர் விடுகிறான்.

ஜேம்ஸ் பாண்டின் முதல் திரைப்படம் வெளிவந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. பகட்டான ஒற்றனுக்குப் பழகியிருந்த படிப்பாளிகள், அழுக்கு மழையாடை அணிந்த ஒற்றனை இத்துணை ஆர்வத்தோடு ஏற்றது வியப்பே. தாம் படித்த உளவுக் கதைகளில் இதுவே தலைசிறந்தது என்றார் கிரஹாம் கிரீன். அவரும் ஒருகாலத்தில் உளவுத்துறையில் இருந்தவர். 1964இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற புதினம் இதுவே. ஆசிரியரின் உண்மைத் தொழில் பற்றிய பேச்சு பரவப் பரவ, இது கதையன்று, உள்ளிருந்து வந்த வாக்குமூலம் என்ற நம்பிக்கையும் வலுத்தது. ஆனால் கையெழுத்துப் படியை முன்னரே பார்வையிட்ட துறையினர், இது முழுக் கற்பனை, இதனால் எந்த இரகசியமும் வெளிப்படவில்லை என்று கண்டே அச்சிட இசைந்தனர் என்று ஆசிரியர் பின்னாளில் எழுதினார். உண்மையாயின் வெளிவந்தே இராது என்பது அவர் வாதம். படித்தவர்கள் அதைக் கேட்பதாயில்லை.

அந்த நம்பிக்கைக்குச் சூழ்ச்சித் திருப்பங்கள் காரணமல்ல என்பது என் கருத்து. அத்தகைய திருப்பங்கள் மூன்றாந்தரக் கதைகளிலும் உண்டு. கதையில் வரும் அலுவலகத்தைப் பாருங்கள். ஊர் திரும்பிய லீமாசை வங்கிப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். களத்தில் நின்றவனுக்கு மேசை வேலை. கணக்குப் பிரிவுப் பெண்மணி ஒருத்தி, பணியில் இடைமுறிவு நேர்ந்ததால் அவனுக்கு ஓய்வூதியம் குறைவாகவே வரும் என்று சிற்றுண்டிச்சாலையில் அனைவரும் அறியப் பேசுகிறாள். 'பிரேக் இன் சர்வீஸ்' என்ற சொற்றொடரைக் கேட்டு வயிறு கலங்காத மைய அரசு ஊழியர் நம் சங்கத்தில் உண்டோ! துப்பாக்கியையும் போலிக் கடவுச்சீட்டையும் நாம் கண்டதில்லை. ஆயின் மேலதிகாரி குளிர்ந்த குரலில் தேநீர் கொடுத்து நலம் உசாவி, பிறகு முதுகுக்குப் பின்னால் கோப்பை நகர்த்தும் முறையை அறியாதவர் யார்? இலண்டனிலும் நியூயார்க்கிலும் இதைப் படித்தவருள் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஊதியம் பெற்றவர்களே. ஒற்றனைக் கைவிடும் துறையை அவர்கள் நம்பியதற்கு, அந்தத் துறை அவர்களுக்குப் பழக்கமான ஒன்றாக இருந்ததே காரணம்.

உள்ளிருந்தவர்கள் சிலர் சினந்தனர். பின்னர் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் தலைவரான ரிச்சர்டு ஹெல்ம்ஸ் இந்நூலை மனமார வெறுத்தார் என்பது அவர் வாழ்க்கை பற்றிய நூலில் பதிவாகியுள்ளது. துறை தன் ஆளையே காட்டிக் கொடுப்பதாக எழுதினால், நாளை எந்த ஒற்றன் நம்பி வருவான் என்ற கவலை அவர் போன்றோருக்கு இயல்பே. லெ காரேயின் மூத்த தோழரும், ஸ்மைலி என்னும் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்தவருமான ஜான் பிங்காமும், தம் துறையை இவ்வாறு தாழ்த்திக் காட்டியதை ஏற்கவில்லை. இவர்கள் கட்சியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நம் திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரமும் ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளச் சொல்கிறது. ஊரறியச் சிறப்புச் செய்யலாகாது என்றும் விதிக்கிறது. லீமாசின் தலைவர் இவ்விரண்டிலும் வழுவாதவரே. ஆனால் அவ்வதிகாரம் அரசனை நோக்கிப் பேசுவது. லெ காரே ஒற்றன் நின்ற இடத்திலிருந்து பேசினார்.

மாஸ்கோவும் பேசாமல் இருக்கவில்லை. 1965இல் 'லித்தரத்தூர்னயா கஸேத்தா' என்ற சோவியத் இலக்கிய இதழ் அவரைக் கடுமையாகத் தாக்கியது. மேலைநாட்டு உளவின் இழிவைக் காட்டிய நூலை அவர்கள் கொண்டாடியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இரு பக்கமும் ஒன்றே என்ற தொனியைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. லெ காரே 1966 மே மாதத்தில் 'என்கவுண்டர்' இதழில் திறந்த மடல் எழுதி விடையளித்தார். அந்த இதழுக்கே சி.ஐ.ஏ.யின் பணம் மறைமுகமாகப் பாய்ந்து வந்தது என்ற செய்தி அடுத்த ஆண்டிற்குள் உலகறிய வெளிப்பட்டது. புதினத்தில் இதை எழுதியிருந்தால் மிகையென்று தள்ளியிருப்போம்.

நாஜி ஒருவனை மேற்கு நாடுகள் காப்பாற்றும் என்பதை நம்ப மறுத்தவர்களுக்கும் வரலாறு விடை வைத்திருந்தது. மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையில் சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹைன்ஸ் ஃபெல்ஃபே, இட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்தவன், சோவியத் ஒற்றனும் அவனே. 1961 நவம்பரில் கைதாகி, இந்நூல் வெளிவந்த அதே 1963இல் தண்டனை பெற்றான். முன்டின் கதை தலைகீழாக நடந்தேறியிருந்தது என்று சொல்லலாம்.

ஒரு குறையை நான் ஏற்கிறேன். லிஸ் பாத்திரம் மெலிந்தது. நூலகத்தில் வேலை பார்த்துப் பொதுவுடைமைக் கட்சிக்கும் உழைக்கும் பெண் இத்துணை பேதையாக இருப்பாளா? அவளுக்குக் காதலும் மரணமும் கிடைத்தன, அறிவு கிடைக்கவில்லை. எனினும் அவள் ஏணியாகப் பயன்பட்டாள் என்பதை நாம் மறவாதபடி கதை முடிவது ஆசிரியரின் நேர்மை.

1989 நவம்பர் 9ஆம் நாள் சுவர் திறந்தது. சுவரோடு நூலும் சரிந்துவிடவில்லை. 2005இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம், அரை நூற்றாண்டுக் காலம் தான் பரிசளித்த நூல்களுள் சிறந்ததாக இதனையே தேர்ந்தது. ஆசிரியர் 2020 டிசம்பரில் மறைந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2017இல், 'ஒற்றர்களின் மரபுரிமை' எனப் பொருள்படும் புதினத்தில் பழைய கதைக்கே அவர் திரும்பினார். லீமாசின் மகனும் லிஸ்ஸின் மகளும் தம் பெற்றோரின் சாவுக்கு விடை கேட்டு அரசின் மீது வழக்குத் தொடர முனைகின்றனர். ஓய்வு பெற்ற முதிய அதிகாரி ஒருவர் இலண்டனுக்கு வரவழைக்கப்படுகிறார். அவர் எதுவும் தெரியாது என்கிறார். துறையினர் பதிவறையில் தேடுகின்றனர். அந்த நடவடிக்கைக்குரிய கோப்பு அங்கே இல்லை.